வீட்டுக்கு ஒரு பெண்

கோயில் மைக்கில் அறிவிப்பு வந்தபோது நான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு காலீல ஏழு மணிக்கு எண்ணூர் ரோட்ல ஒக்காரப் போறோம். வூட்டுக்கு ஒரு பொம்பள கண்டிப்பா வரணும். வராத வூட்டுப் படகு பத்து நாளைக்குத் தொழிலுக்குப் போவக் கூடாது."

மூன்று முறை சொன்னார்கள். மூன்றாம் முறை என் மகளும் சேர்ந்துகொண்டு "கூடாது" என்றாள். அவளுக்கு அப்போது இரண்டரை வயது. யார் எதைச் சொன்னாலும் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொள்வாள்.

எங்கள் குப்பம் திருவொற்றியூருக்கு வடக்கே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளுக்கு இடையே, படகுகளை இழுத்து ஏற்ற ஒரே ஒரு மணல் துண்டுதான் மிச்சம். அதை ஒட்டி ஒரு கம்பெனி சரக்கு இறக்கும் மேடை கட்டப்போகிறது என்று செய்தி வந்தது. கட்டினால் நீரோட்டம் மாறும், அந்த மணலும் போய்விடும். ஆண்கள் படகுகளைக் கடலில் வரிசையாக நிறுத்துவது, பெண்கள் சாலையில் உட்காருவது என்று ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்திருந்தது. மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். எங்கள் வீட்டில் பெண் என்றால் நான் ஒருத்திதான்.

நான் அந்தக் குப்பத்தில் பிறந்தவள் இல்லை. தாத்தாவோடு எங்கள் குடும்பத்தில் கடல் தொழில் முடிந்தது. அப்பா விம்கோ நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஊர்க் கட்டுப்பாடு என்பதையெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் கணவரும் அவருடைய அக்கா வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார்கள். அக்கா மார்க்கெட்டில் மீன் விற்பவர். நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மீதி நேரத்தில் முனைவர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

எதேச்சாதிகார ஆட்சியையும் குடிமைச் சமூகத்தின் செயல்பாட்டையும் அறிஞர்கள் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அந்த மூன்றாம் அத்தியாயம். முந்தைய தலைமுறை அறிஞர்களுக்குப் படம் தெளிவாக இருந்தது. ஆட்சி வாயை மூடுகிறது. சங்கங்களும் இயக்கங்களும் வாயைத் திறக்கின்றன. ஒன்று வளர்ந்தால் மற்றது தேயும். பின்னால் வந்தவர்கள் அவ்வளவு சுலபம் இல்லை என்றார்கள். கெட்டிக்கார ஆட்சி சங்கங்களை ஒழிப்பதில்லை, அனுமதி கொடுத்து வைத்துக்கொள்கிறது. அவற்றின் வழியாக ஜனங்களின் மனசைத் தெரிந்துகொள்கிறது. எதிர்த்துப் பேசுகிறவருக்கு ஒரு பதவி கொடுத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. தன்னைத் திட்டினால் விட்டுவிடும், ஜனங்கள் ஒன்றுகூடுவதைத்தான் தடுக்கும். அதே ஆட்சி தனக்கு வேண்டும்போது ஆட்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டுகிறது, தலை எண்ணுகிறது, கை தட்ட வைக்கிறது. எல்லோரும் தட்டுவதால் யாருக்கு உண்மையில் பிடித்திருக்கிறது என்பது ஆள்பவருக்கும் தெரியாமல் போகிறது.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்குத் தெளிவாகத்தான் இருந்தது. என் நெறியாளர் ஓர் அட்டவணை கேட்டிருந்தார். இரண்டு பத்திகள். ஒன்றில் கட்டாயத்தின் பேரில் கூடுவது, இன்னொன்றில் விருப்பத்தின் பேரில் கூடுவது. குடிமைச் சமூகம் என்றால் விருப்பம். அந்த அட்டவணையை அன்று சாயங்காலம்தான் முடித்தேன். வெளியே மைக் கத்திக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் கணவர் ஐந்து மணிக்கே படகோடு போய்விட்டார். ஆறு மணிக்கு மகளின் நெற்றியைத் தொட்டேன். சுட்டது. தெர்மாமீட்டர் வைத்தேன், தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. ஐந்து நிமிஷம் கழித்து வைத்தேன், நூறு. இன்னும் ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு. மருந்து கொடுத்து அவளையும் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போயிருக்கலாம். பல பேர் கைக்குழந்தையோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் வெயில், லாரிப் புகை, போலீஸ் தள்ளுமுள்ளு என்று வரிசையாக நினைத்துக்கொண்டேன். கடைசியில் பையில் பால் பாட்டிலையும் மடிக்கணினியையும் எடுத்துவைத்து ரயிலேறி ராயபுரம் குழந்தை மருத்துவரிடம் போனேன்.

மடிக்கணினியை ஏன் எடுத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும், அத்தியாயத்தை முடித்துவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. காய்ச்சல் எவ்வளவு, அத்தியாயம் எவ்வளவு என்று அதற்குப் பிறகு பல தடவை என்னையே கேட்டுக்கொண்டேன். காய்ச்சல்தான் அதிகம் என்றே ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. ஆனால் கேட்பதை நிறுத்த முடியவில்லை.

மருத்துவர் மகளின் வாயைத் திறந்து பார்த்தார்.

"கடைவாய்ப் பல் வருதும்மா. இதுக்கா திருவொற்றியூர்லேர்ந்து வந்தீங்க?"

திரும்பி வந்தபோது மத்தியானம். அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தார். முகம் வெயிலில் கன்றிப் போயிருந்தது.

"எங்க பூட்ட?"

"பாப்பாவுக்குக் காய்ச்சல், அக்கா."

"இப்ப கீதா?"

"இல்ல. பல் வருதாம்."

"பல்லு." அக்கா கொஞ்ச நேரம் என் மகளின் வாயையே பார்த்தார். "அந்தப் பல்லுக்கு எவ்ளோ வெல தெரியுமா? பத்து நாளு."

நடந்ததை அவரே சொன்னார். சாலையில் உட்கார்ந்ததும் பஞ்சாயத்தைச் சேர்ந்த ஒருவர் நோட்டை எடுத்து வீட்டு ஆண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். அந்த வீட்டுப் பெண் "கீறேன்" என்று குரல் கொடுக்க வேண்டும். என் கணவர் பெயர் வந்தபோது பதில் இல்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குரலை மாற்றி "கீறேன்" என்றிருக்கிறார். அது எடுபட்டிருக்கும். பக்கத்தில் இருந்தவள் சிரித்துவிட்டாள்.

"டீச்சரம்மா கொரலு இவ்ளோ தடியா ஆயிடுச்சான்னு கேக்குறாரு அந்தாளு. ஊரே சிரிக்குது. நா இன்னா பண்ணட்டும்? உன்ன மாதிரி மெலுசா பேச எனக்கு வருமா?"

என் மாணவர்கள் வருகைப் பதிவில் செய்தால் நான் வகுப்பை விட்டு வெளியே அனுப்பும் காரியம். அக்கா எனக்காகச் செய்திருந்தார். காலை முழுக்க வெயிலில் உட்கார்ந்த அவருடைய வீட்டுப் படகும் இப்போது மணலில் ஏறிவிட்டது, ஏனென்றால் இரண்டு வீட்டுக்கும் ஒரே படகு. மழை முடிந்து இறால் வரும் நாட்கள் அவை. அந்த இறாலைத்தான் அக்கா மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார்.

எனக்குக் கோபம் வந்தது. முதலில் என் மேல், பிறகு ஊர் மேல். ஊர் மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது. அன்று சாயங்காலமே அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்தேன். 'கடலோரச் சிற்றூர்களின் பஞ்சாயத்து என்பது குடிமைச் சமூகத்தின் உடை அணிந்த ஒரு சிறிய எதேச்சாதிகாரம்.' நெறியாளருக்கு அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் போன் செய்தார். அவர் அதிகம் பாராட்டுகிறவர் இல்லை.

"இந்த ஒரு வரிக்காகத்தான் நான் ரெண்டு வருஷமா காத்திருந்தேன். இதையே வளர்த்து எழுதுங்க. உள்ளே இருந்து பார்த்து எழுதியிருக்கீங்க."

போன் வந்தபோது மணலில் நின்று மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். எதிரே எங்கள் படகு. என் கணவர் அதன் நிழலில் உட்கார்ந்து, கிழியாத வலையையே திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டைக் கேட்டு சந்தோஷப்பட முடியாமல், இட்லித் தட்டோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த வரியை அவருக்குப் பேச்சுத் தமிழில் சொன்னேன்.

அவர் வலையை விடாமலே கேட்டார். "இத்த ஊர்த் தலைவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொன்னா இன்னா பண்ணுவாரு?"

"தெரியல."

"தெரியாம எப்டி எய்தின? எய்துறத எய்து, நா வேணான்னு சொல்லல. ஆனா அவரு மூஞ்சியப் பாத்து சொல்லிட்டு எய்து."

கேள்வி கேட்க முடியாத இடம்தான் எதேச்சாதிகாரம் என்று அதே அத்தியாயத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன். இங்கே கேட்க முடியுமா முடியாதா என்று நான் சோதித்துப் பார்க்கவே இல்லை. பஞ்சாயத்தில் பெண்கள் பேசுவதில்லை என்பது தெரியும். பேசினால் என்ன ஆகும் என்பது தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வலை பின்னும் கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. ஆண்கள் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல வெளியே, தூண்களுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அக்கா என் பின்னாலேயே வந்தார். எனக்குத் துணையாக வந்தாரா, நான் தப்பாகப் பேசினால் வாயைப் பொத்த வந்தாரா என்று இப்போதும் தெரியாது.

தலைவர் அறுபது வயதுக்காரர். பேசுவதற்கு முன் எதிரே இருப்பவரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

"இன்னாம்மா, காலேஜ் டீச்சர் இம்மாந்தூரம்?"

நான் நினைத்ததைவிட என் குரல் நன்றாகவே வந்தது. "அன்னிக்கு நான் வரல, தலைவரே. அது என் தப்பு. பாப்பாவுக்குக் காய்ச்சல்னு பயந்துட்டேன், டாக்டர் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாரு. அக்கா என் மேல உள்ள பிரியத்துல குரல் கொடுத்தாங்க, அதுவும் தப்புதான். தண்டனையைத் தள்ளுபடி பண்ணச் சொல்லி வரல. ஒண்ணு கேக்கணும். நான் ஏன் வரலைன்னு யாரும் என்கிட்ட கேக்கவே இல்லையே, ஏன்?"

பாயில் இருந்த ஒருவர் சிரித்தார். "கேட்டா ஆளுக்கு ஒரு காய்ச்சல் சொல்லுவாங்கோ."

அக்கா சும்மா இருக்கவில்லை. "உன் பொண்டாட்டி தலவலின்னு அன்னிக்கு பூரா லாரி நெயல்ல ஒக்காந்துகினு இருந்துச்சே, அது இன்னா காய்ச்சல் நைனா?"

வெளியே இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தலைவரும் சிரித்தார் என்று நினைக்கிறேன், மீசை அசைந்தது.

நான் விடவில்லை. "எந்த நாள், எந்த இடம், எத்தனை மணின்னு நீங்க முடிவு பண்ணும்போது ஒரு பொம்பளையும் இங்க இல்ல. உக்காரப் போறது நாங்க. வந்து உக்காரலைன்னா படகை நிறுத்துறீங்க. இப்படிக் கட்டாயப்படுத்திக் கூட்டினா, அப்புறம் கம்பெனிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

அக்காவின் கை என் முதுகில் இருந்தது.

தலைவர் கோபப்படவில்லை. "கட்டாயம் இல்லன்னா இன்னா ஆவும்னு உனுக்குத் தெரியாதும்மா. நீ அப்ப இங்க இல்ல. ஒரு தபா, இஸ்டப்பட்டவங்க வாங்கோன்னு சொன்னோம். இருவது பேரு வந்தாங்கோ. அந்த இருவது பேரு மேலயும் கேசு. ஒருத்தன் பையனுக்குக் கம்பெனி வேல பூட்ச்சு. வூட்டுக்கு ஒருத்தர் கண்டிப்பா வரணும்னா, போலீசு ஆரப் புடிப்பான்? இன்னாத்துக்கு வந்தேன்னு கேட்டா, ஊரு கூப்ட்ச்சு, வரலன்னா படகு நிக்கும், அதான் வந்தேன்னு சொல்லிக்கலாம் பாரு. அதுக்குத்தான் மைக்ல மூணு தபா சொல்றது. நமுக்கு மட்டுமா சொல்றோம்? அவனுக்கும் கேக்கணும்ல."

நான் படித்த புத்தகங்களில் கட்டாயம் என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் செய்வது. கட்டாயத்தை ஒரு மறைப்பாகப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் பயந்தவர்களும் தைரியமாக உட்காரலாம் என்பதை நான் எந்தப் பத்தியிலும் போட்டிருக்கவில்லை. விருப்பம் என்று கேட்டிருந்தால் என்னைப் போன்றவள் வீட்டிலேயே இருந்திருப்பாள். இருந்தேனே.

ஆனாலும் என் கேள்வி அப்படியே இருந்தது. "சரி தலைவரே. ஏன் வரலைன்னு கேக்கறதுல என்ன கெட்டுப்போச்சு?"

அவர் பக்கத்தில் இருந்தவரிடமிருந்து நோட்டை வாங்கி என் பக்கம் நீட்டினார். "அப்ப நீயே வெச்சிக்கோ. நீயே பேரப் படி, நீயே கேளு. எங்களுக்கும் ஒரு பேஜாரு மிச்சம்."

கூடம் முழுக்க என்னைப் பார்த்தது. எதிர்த்துப் பேசுகிறவருக்கு ஒரு பதவி. என் அத்தியாயத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் அது இருக்கிறது. கேட்டவளை எண்ணுகிறவளாக ஆக்கிவிட்டால் அதற்குப் பிறகு அவள் கேட்க மாட்டாள். வாங்காமல் போய்விடலாமா என்று யோசித்தேன். போனால் அந்த வரி மட்டும் என்னிடம் இருக்கும்.

நோட்டை வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் நேராக டிக்கோ பெருக்கல் குறியோ இருந்தது. வேறு எதுவும் இல்லை. பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. பஞ்சாயத்தில் இருப்பவர்களின் வீடுகள் அதில் இல்லை.

"உங்க வீடு எங்க, தலைவரே?"

"நாங்கதான் எப்பவும் முன்னால நிக்கிறோமே."

"நீங்க கடல்ல நிக்கறீங்க. ரோட்டுல உங்க வீட்டுலேர்ந்து யாரு?"

வெளியே ஒரு பெண் "அப்டிக் கேளு" என்றாள். யார் என்று தெரியவில்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம். "போட்டுக்கோ" என்றார். "எல்லாத்தியும் போட்டுக்கோ. அடுத்த தபா நாள் வெக்கும்போது நாலு பொம்பளைங்கள உள்ளாற வந்து ஒக்காரச் சொல்லு. ஆனா பத்து நாளுன்னா பத்து நாளுதான்."

அங்கேயே நின்று விடுபட்ட வீடுகளை எழுதினேன். 'ஏன் வரவில்லை' என்று ஒரு கோடு போட்டு இடமும் விட்டேன். மகள் பேனாவைப் பிடுங்கப் பார்த்ததால் தலைவர் பெயர் கோணலாக விழுந்தது.

படகு நின்ற எட்டாம் நாள் மறுபடியும் சாலையில் உட்கார்ந்தோம். இந்த முறை நேரத்தை ஒன்பது மணியாக்கியது பெண்கள்தான், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வர வசதியாக. கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கு எட்டியவரை நின்றன. மகள் என் மடியில் குடையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி மப்டியில் ஒருவர் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எண்ணுகிறவர்கள் நாங்கள் மட்டும் இல்லை.

எழுந்து நின்று பெயர்களைப் படித்தேன். கீறேன், கீறேன் என்று ஒவ்வொன்றாக வந்தது. என் வீட்டுக்கு நானே "இருக்கேன்" என்றதும், "மெலுசா சொல்லுது பாரு" என்று அக்கா சொல்ல, சிரிப்பு எழுந்தது. அடுத்து தலைவர் வீடு.

பதில் இல்லை.

இரண்டாம் முறை படித்தேன். யாராவது குரலை மாற்றி "கீறேன்" என்று சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும் என்று ஒரு கணம் நினைத்தேன். யாரும் சொல்லவில்லை. எல்லோரும் என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தார்கள். பெரியவர் வீடு, ஒரு தடவை விட்டால் என்ன, நான்கூட வரவில்லையே என்றெல்லாம் தோன்றியது. பெருக்கல் குறி போட்டேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அம்மா, இன்னிக்கு ஏன் வரல?"

"நானா?" அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. "எங்க வூட்ல எப்பவும் போனதில்லியே. நீ பேர எய்திக்கினு போனதா சொன்னாரு. நீ சும்மா எய்தினேன்னுதான் நா நெனச்சிக்கினேன்."

அதை அவர் சொன்னபடியே எழுதினேன். வீட்டுக்கு வந்து அத்தியாயத்தைத் திறந்து அந்த ஒரு வரியை நீக்கினேன். அந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதினேன். கட்டாயமா விருப்பமா என்பது பாதிக் கேள்விதான். எண்ணப்படுகிறவர் எண்ணுகிறவரைக் கேட்கலாமா, கேட்டால் அவரும் எண்ணப்படுவாரா என்பது மீதிக் கேள்வி. எழுதியதை அனுப்பவில்லை. மீதிக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

காலையில் மகளோடு மணலுக்குப் போனேன். அக்கா எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். எங்கள் படகுக்குப் பக்கத்தில் தலைவருடைய படகு ஏற்றப்பட்டிருந்தது. இன்ஜினைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். அவர் படகின் விளிம்பில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"எய்திட்டியா?" என்றார்.

"எழுதிட்டேன். காரணமும் எழுதியிருக்கேன். படிக்கட்டுமா?"

"வூட்டுல சொல்லிச்சு. அது ஒரு காரணமா? பத்து நாளுன்னு போடு."

நோட்டைத் தொடையில் வைத்துப் போட்டேன். அவர் எட்டிப் பார்த்து, சரியாகப் போட்டேனா என்று உறுதி செய்துகொண்டார்.

"நம்ம படகுக்கு ஒரு தோஸ்து கெட்ச்சிட்ச்சு," என்றார் அக்கா என் காதில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி.

எங்கள் படகுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி நெறியாளருக்கு அந்தப் பக்கத்தை அனுப்பினேன்.